சின்னப் படத்துக்குக் கைக்கு எட்டும் காப்புறுதி

1957 மார்ச் 10. கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே கட்டிய பாலத்தைத் தகர்க்க எல்லாம் தயாராக இருந்தது. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் உச்சக் காட்சி அது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க நேரில் பார்க்க வந்திருந்தார். ரயில் பாலத்தை நெருங்கிவிட்டது. ஆனால் கமெராக்காரர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இயக்குநர் டேவிட் லீன் வெடிப்பை நிறுத்தினார். ஆள் தப்பினார், பாலத்தைக் கடந்த ரயில் அக்கரையில் நின்ற ஜெனரேட்டரில் மோதி உடைந்தது. ரயிலைப் பழுதுபார்த்து, மறுநாள் காலையில் பாலத்தைத் தகர்த்துக் காட்சியை எடுத்து முடித்தார்கள்.

ஹொலிவூட் பணம் பின்னால் நின்றதால் அந்த மறுநாள் வாய்த்தது. அதே கங்கை கடலில் விழும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, கொழும்பில், கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் பதினைந்து பேர் சேர்ந்து படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாடகை ஜெனரேட்டர் உடைந்தால் படம் பாதியில் நிற்கும். கமெரா உடைந்தால் தயாரிப்பாளரின் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். ஆள் ஒருவர் விழுந்து அடிபட்டால் என்ன நடக்கும் என்று பெரும்பாலான குழுக்கள் யோசித்துப் பார்ப்பதே இல்லை.

"சின்னப் படத்துக்கு எதற்கு இன்சூரன்ஸ், அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு" என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. பெரிய படங்களுக்கு விற்கப்படும் பொதி உண்மையிலேயே விலை கூடியது. ஆனால் அந்தப் பொதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவற்றில் பாதிக்கு மேல் காலி வீதியில் உள்ள எந்தக் காப்புறுதிக் கிளையிலும் தினமும் விற்கும் சாதாரணச் சரக்குத்தான்.

பொதியைப் பிரித்தல்

இந்தியாவில் முதன்முதலாகக் காப்புறுதி செய்யப்பட்ட படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது சுபாஷ் காயின் 'தால்' (1999). அதற்குப் பின் மும்பையிலும் சென்னையிலும் பெரிய தயாரிப்புகளுக்கு முழுப் பொதி எடுப்பது வழக்கமாகிவிட்டது. நடிகர் நோயில் விழுந்தால் ஏற்படும் நட்டம், எடுத்த காட்சிகள் அழிந்துபோவது, செட்டும் உடையும், வாடகைக் கருவி, மற்றவர் சொத்துக்கு ஏற்படும் சேதம், ஆட்களுக்கு ஏற்படும் விபத்து, படம் வெளியான பின் வரும் உரிமை வழக்குகள் எல்லாம் ஒரே உறைக்குள் அடங்கும்.

கொழும்பில் ஒரு கிளைக்குள் போய் "படத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும்" என்று கேட்டால், கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் முழிப்பார், அல்லது தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவிடுவார். அதே ஆளிடம் "பதினைந்து பேருக்குப் பத்து நாளுக்கு குரூப் பேர்சனல் அக்சிடன்ட், கருவிகளுக்கு ஒல் ரிஸ்க், ஒரு பப்ளிக் லயபிலிட்டி" என்று கேட்டால் படிவத்தை எடுத்து மேசையில் வைப்பார். கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை முடிகிறது.

முதலில் ஆட்கள்

2020 பெப்ரவரி 19ஆம் திகதி சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். மூவரும் கமெராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். அதன்பின் நாயகன் கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் படக்குழுவினரின் காப்புறுதியும் ஒரு விடயமாக இருந்தது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார்க் காட்சியொன்றில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தபோது பேச்சு மறுபடி எழுந்தது. நடிகர் அக்‌ஷய் குமார் ஏறக்குறைய 650 சண்டைக் கலைஞர்களுக்குக் குழுக் காப்புறுதி ஏற்பாடு செய்ததாகச் செய்தி வந்ததும் அந்த நாட்களில்தான்.

கவனிக்க வேண்டிய சொல் 'குழு'. தனித்தனியாக எடுப்பதைவிடப் பெயர்ப் பட்டியலோடு ஒரே பத்திரமாக எடுக்கும் விபத்துக் காப்புறுதிக்கு ஆளொன்றுக்கு விழும் செலவு குறைவு. சின்னத் தயாரிப்பு முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். கையில் ஒன்றுக்கு மட்டுமே காசு இருந்தாலும் இதையே வாங்க வேண்டும்.

இலங்கைச் சட்டமும் இதே பக்கம் தள்ளுகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையில் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் வேலை கொடுத்தவர் பொறுப்பு. 2022இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. இரவு ஷூட்டிங் முடிந்து விடியப்புறம் மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் லைட் பையனை நினைத்தால் இந்தத் திருத்தத்தின் கனம் விளங்கும். நாட்கூலிக்கு வந்தவர் 'வேலையாள்' தானா, தனி ஒப்பந்தக்காரரா என்ற வாதம் பின்னால் எழலாம். அந்த வாதத்தில் மாட்டாமல் இருக்க, சம்பளம் வாங்குபவர், வாங்காதவர், நட்புக்காக வந்தவர் என்று பாராமல் அன்றைய அழைப்புத் தாளில் உள்ள எல்லாப் பெயரையும் விபத்துப் பத்திரத்தில் ஏற்றிவிடுவதே சுருக்கமான வழி.

மூன்று விடயங்களைக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். வயது எல்லை என்ன? பல பத்திரங்கள் சிறுவரையும் 65 வயதைத் தாண்டியவரையும் சேர்ப்பதில்லை. பாட்டி வேடத்துக்கு வந்தவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வெளியே நின்றுவிடுவார்கள். சண்டை, உயரம், நீர் சம்பந்தமான காட்சிகள் விலக்கப்பட்டிருக்கின்றனவா? மருத்துவச் செலவு சேர்ந்ததா, அல்லது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தானா? சின்னப் படத்தில் நடப்பது பெரும்பாலும் கை முறிவும் தீக்காயமும்தான். மருத்துவச் செலவு இல்லாத பத்திரம் அங்கே உதவாது.

மாடிப்படியில் ஒரு வயர்

வெள்ளவத்தையில் கதை எழுதுகிறவருக்குத் தொடர்மாடி இல்லாமல் கதை நகராது. மெரின் டிரைவ் பக்கமாக நாலாம் மாடி வீடு, ஜன்னலில் கடல், கீழே கரையோர ரயில் பாதை. வீட்டுக்காரர் தெரிந்தவர், "வந்து எடுங்கோ" என்று திறப்பைக் கொடுத்துவிடுவார். காலை ஏழு மணிக்கு லைட் ஏறுகிறது. லிஃப்டில் கொள்ளாத ஸ்டாண்டுகள் மாடிப்படியால் போகின்றன. மூன்றாம் மாடியிலிருந்து இன்னொரு மின் இணைப்பு எடுத்து, வயரைப் படியோரமாக ஓட விடுகிறார்கள். கோயிலுக்குப் போகக் கதவைத் திறந்த மூதாட்டிக்கு "அன்ரி, கவனம், வயர் கிடக்குது" என்று யாரோ மேலிருந்து சொல்கிறார். ஒரு விநாடி பிந்திச் சொல்கிறார்.

அந்த அன்ரியின் இடுப்பு எலும்புக்கு யார் பொறுப்பு? வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தார். மாடிப்படி பொது இடம். அதை நிர்வகிப்பது தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். விபத்துப் பத்திரம் குழு ஆட்களுக்கானது. அன்ரி அதில் இல்லை. இங்கே கைகொடுப்பது பொதுப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது பப்ளிக் லயபிலிட்டி. வெளியார் உடலுக்கும் உடைமைக்கும் ஏற்படும் சேதத்துக்குத் தயாரிப்பாளர் சட்டப்படி கொடுக்க வேண்டியதை அது கொடுக்கும்.

லொஸ் ஏஞ்சல்ஸில் இந்தப் பத்திரம் இல்லாமல் வீதியில் கமெரா வைக்க முடியாது. அங்கே அனுமதி வழங்கும் 'ஃபில்ம் எல்.ஏ.' என்ற அமைப்பு குறைந்தது 10 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதிக்கான சான்றிதழைக் கேட்கும். கொழும்பில் வீட்டுக்காரரும் கடைக்காரரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் ஒரு பிரதியை எடுத்துக் காட்டுவது நல்லது. "உங்கட வீட்டுக்கு ஏதும் நடந்தால் இது இருக்கு" என்று ஒரு தாளை நீட்டினால் "ஷூட்டிங்கா, வேண்டாம் தம்பி" என்ற வாய் பாதியாவது மூடும்.

கருவி யாருடையது?

சுயாதீனப் படங்களின் கருவிகள் பெரும்பாலும் கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களிலிருந்து வருபவை. சனி ஞாயிறு கல்யாணமும் சாமத்திய வீடும். கிழமை நாளில் படம். ஒரே கமெரா, ஒரே லென்ஸ், ஒரே பையன். செலவைக் குறைக்கும் வழியும் இங்கேதான் இருக்கிறது. படத்துக்கென்று பத்து நாள் பத்திரம் எடுப்பதைவிட, ஸ்டூடியோக்காரர் தன் கருவிகளுக்கு ஆண்டு முழுவதற்கும் ஒல் ரிஸ்க், அதாவது விலக்காத எல்லா ஆபத்துக்குமான காப்புறுதி, எடுத்து, படக்குழு அதில் ஒரு பங்கைச் செலுத்தினால் இரு தரப்புக்கும் இலாபம். குறுகிய காலப் பத்திரங்களின் கட்டணம் நாட்கணக்குக்கு நேராகக் குறைவதில்லை. பத்து நாள் பத்திரம் ஆண்டுக் கட்டணத்தில் 36இல் ஒரு பங்காக ஒருபோதும் வராது.

ஆனால் அந்த ஆண்டுப் பத்திரத்தில் சில சொற்கள் சரியாக இருக்க வேண்டும். பயன்பாடு என்ற இடத்தில் 'வீடியோ ஸ்டூடியோ' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. வெளிப்புறப் படப்பிடிப்பும் வாடகைக்குக் கொடுப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரண மின்னணுக் கருவிப் பத்திரம் ஒரு முகவரியில் வைத்திருக்கும் பொருளுக்கானது. கருவி நடமாடும் என்றால் அந்த விரிவாக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் தொடர் இலக்கமும் பட்டியலில் ஏற வேண்டும்.

தொகையைக் குறைத்துச் சொல்லிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கணக்கைப் பாருங்கள். 40 இலட்சம் ரூபா பெறுமதியான கருவிகளை 20 இலட்சம் என்று காட்டியிருக்கிறார் ஒருவர். 4 இலட்சம் ரூபா லென்ஸ் உடைகிறது. பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறார் என்பதால் நிறுவனம் பாதியைத்தான், அதாவது 2 இலட்சத்தைத்தான் கணக்கில் எடுக்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் பகுதியைக் காப்புறுதி எடுத்தவரே தாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதை எக்செஸ் என்பார்கள். அது 50,000 ரூபா என்றால் கையில் வருவது ஒன்றரை இலட்சம்.

விலக்குகளையும் படிக்க வேண்டும். பூட்டாத வானிலிருந்து பை காணாமல் போனால் பல பத்திரங்கள் பணம் தராது. பூட்டை உடைத்த அடையாளம் கேட்கும். மெரின் டிரைவில் நாலு நாள் உப்புக் காற்றில் நின்ற கருவியில் துரு ஏறினால் அது விபத்து அல்ல, மெல்ல மெல்லத் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். அலை வந்து ஒரேயடியாக நனைத்தால் கதை வேறு.

வான், ரயில் பாதை, ட்ரோன்

மோட்டார் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வாகனத்தின் பத்திரத்தில் 'தனிப்பட்ட பாவனை' என்று இருக்கிறதா, 'வாடகை' என்று இருக்கிறதா என்பதைப் படக்குழு பார்ப்பதில்லை. நண்பரின் வானை நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேசி எடுத்தால் அது வாடகை. தனிப்பட்ட பாவனைப் பத்திரம் அங்கே நிற்காது.

வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்தில் நடந்து வரும் ஒரு ஷொட் இல்லாத குறும்படம் அபூர்வம். ரயில்வே திணைக்களத்தின் அனுமதியில்லாமல் பாதையில் இறங்குவது சட்டவிரோதம். சட்டத்தை மீறிச் செய்த வேலையில் நேர்ந்த விபத்துக்குக் காப்புறுதி கேட்டுப் போனால் முதலில் கேட்கப்படுவது அனுமதிக் கடிதம். ட்ரோனுக்கும் அப்படியே: சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்க்காமல் கொழும்பு வானில் எதையும் ஏற்றக்கூடாது. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் நாடு முழுவதும் ட்ரோன் பறக்கத் தடை விதிக்கப்பட்டிருந்ததை அந்தக் காலத்தில் ஷூட்டிங் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கலவரத்துக்குத் தனிக் காசு

2019 ஏப்ரல் 21 காலை முதலில் குண்டு வெடித்த இடங்களில் ஒன்று கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம். 2022 மே 9இல் வெடித்த கலவரத்தில் நாடெங்கும் வாகனங்களும் வீடுகளும் எரிந்தன. வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதம் இலங்கையில் சாதாரணப் பத்திரத்துக்குள் தானாக வருவதில்லை. அதற்குத் தனியாக ஒரு சேர்ப்பு உண்டு. அதற்கான நிதியை நிர்வகிப்பது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். எந்த நிறுவனத்தில் பத்திரம் எடுத்தாலும் இந்தச் சேர்ப்பைக் கேட்கலாம். கூடுதல் தொகை சிறிது; கொழும்பு வடக்கிலோ தெற்கிலோ கருவி வைத்திருப்பவர் இதை விடக்கூடாது.

இது எரிந்த கமெராவுக்குத்தான் பணம் தரும். ஊரடங்கால் இழந்த மூன்று நாள் ஷூட்டிங்குக்குத் தராது.

எடுத்த காட்சிக்கு எந்தப் பத்திரமும் போதாது

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தலையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதை நடத்தியவர் சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனத்தின் கே. குணரத்தினம், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'சந்தேசய' (1960) உட்படப் பல சிங்களப் படங்களின் தயாரிப்பாளர். அந்த நெருப்பில் படச் சுருள்களும் நெகட்டிவ்களும் சாம்பலாயின. இலங்கைத் தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் பழைய படங்களின் பிரதியைத் தேடித்தான் அலைகிறார்கள். கட்டடத்துக்கு நட்டஈடு வாங்கலாம். எரிந்த நெகட்டிவ்வை யாரிடம் கேட்பது?

இன்றைய நெகட்டிவ் ஒரு மெமரி கார்ட். அது தொலைந்தால் கருவிப் பத்திரம் கார்டின் விலையைத் தரும். அதில் இருந்த அழுகைக் காட்சியைத் தராது. பெரிய பொதிகளில் மறு படப்பிடிப்புச் செலவுக்கு இடம் உண்டு. சின்னப் படத்துக்கு அந்தப் பகுதி விலை கூடியது, தேவையும் இல்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க் போதும். அன்றன்று இரண்டிலும் பிரதி எடுத்து, இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். ஒரு டிஸ்க் வெள்ளவத்தையில் தூங்கினால் மற்றது கொட்டாஞ்சேனையில் தூங்கட்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டு ஓட்டோவில் கொண்டுபோகிற உதவி இயக்குநரை அன்றைக்கே கண்டிக்க வேண்டும்.

விட்டுவிடக்கூடியவை

நடிகர் நோய்ப்பட்டால் என்று ஒரு காப்புறுதி, மழை பெய்தால் என்று ஒன்று, படம் முடியாவிட்டால் என்று ஒன்று. இவை நட்சத்திரச் சம்பளமும் வங்கிக் கடனும் உள்ள படங்களுக்கானவை. சின்னப் படத்தில் மழைக் காலத்தில் வெளிப்புறக் காட்சியை அடுக்காமல் இருப்பதும், பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பதும் அந்த வேலையைச் செய்யும்.

உரிமை வழக்குகளுக்கான காப்புறுதி இன்னொன்று. வெளிநாட்டு ஓடிடி தளங்களும் விநியோகஸ்தர்களும் இதைக் கேட்பதுண்டு. விற்பனை உறுதியாகும்வரை வாங்கத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு வாங்க வேண்டுமானால் இன்றே தாள்கள் இருக்க வேண்டும்: கதை எழுதியவரின் கையெழுத்து, இசையமைப்பாளரின் கையெழுத்து, முகம் தெரியும் ஒவ்வொருவரின் சம்மதம், இட அனுமதி. தேநீர்க் கடைக் காட்சியில் பின்னால் வானொலியில் ஓடிய சினிமாப் பாட்டுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொருந்தும்.

பேரம்

மூன்று நிறுவனங்களிடமாவது எழுத்தில் விலை கேட்க வேண்டும். ஒரே பட்டியல், ஒரே தொகை, ஒரே எக்செஸ் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். பதிவுபெற்ற காப்புறுதித் தரகர் மூலம் கேட்டால் அலைச்சல் மிச்சம். அவருடைய தரகைக் காப்புறுதி நிறுவனமே கொடுக்கும். காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பதிவுபெற்ற தரகர்களின் பட்டியலை வெளியிடுகிறது. சொல்லப்படும் விலைக்கு மேல் பெறுமதி சேர் வரி ஏறும். அது 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். ஆகவே "வரியோடு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

பிரீமியம் கூடுதலாகத் தெரிந்தால் எக்செஸை உயர்த்திக் கேட்கலாம். 20,000 ரூபாச் சேதத்தைக் கையிலிருந்து தாங்கி, இரண்டு இலட்சம் ரூபாச் சேதத்தைக் காப்புறுதிக்கு விடுவதே சின்னத் தயாரிப்புக்குப் பொருந்தும் ஏற்பாடு. மூன்று நான்கு குழுக்கள் ஒரு சங்கமாகவோ கம்பனியாகவோ பதிந்து, ஆண்டுப் பொறுப்புப் பத்திரம் ஒன்றைப் பகிர்ந்துகொள்வது இன்னும் மலிவு.

படிவத்தில் எதையும் ஒளிக்கக்கூடாது. தீக்காட்சி இருக்கிறது, மொட்டை மாடி விளிம்பில் ஒரு காட்சி இருக்கிறது என்றால் எழுத வேண்டும். எழுதினால் கட்டணம் சற்று ஏறலாம். எழுதாவிட்டால், விபத்துக்குப் பிறகு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதுமான காரணம்.

நடந்துவிட்டால்

முதலில் ஆஸ்பத்திரி. அடுத்து போன்: நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அன்றைக்கே அறிவிக்க வேண்டும். திருட்டு என்றாலும் வெளியார் காயம் என்றாலும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும். உடைந்த கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும். வந்திருக்கும் கமெராக்களில் ஒன்று அந்த இடத்தைப் படம் பிடிக்கட்டும். படிக்கட்டு, வயர், வெளிச்சம், நேரம் எல்லாம் தெரிய வேண்டும். அன்றைய அழைப்புத் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டும். காயப்பட்ட வெளியாரிடம் அன்பாகப் பேசலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். "முழுப் பிழையும் எங்களுடையதுதான், இவ்வளவு தருகிறோம்" என்று நிறுவனத்தைக் கேட்காமல் எழுதிக் கொடுக்கக்கூடாது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, நிறுவனத்தின் உயர் அதிகாரிக்கே முதலில் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் ஆணைக்குழுவும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார்கள். ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு செய்பவருக்குக் கட்டணம் எதுவும் இல்லை.